வால்வு மாத்தினா பாட்டு மாறுமா?

அண்ணா நகரில் இருக்கும் எங்க அக்கா பையன் போன மாசம் போன் பண்ணி, "மாமா, உங்க ஊர் மைக்செட் கடையில பழைய வால்வு ஏதாச்சும் கிடக்குமா?"ன்னு கேட்டான். அவன் வீட்டில் ஒரு வால்வு ஆம்ப்ளிபயர் இருக்கு. அதில் இருக்கும் வால்வைக் கழற்றிட்டு, அதே நம்பர் போட்ட வேற கம்பெனி வால்வைச் செருகிக் கேட்பானாம். ஒண்ணு போட்டா குரல் இனிக்குதாம், இன்னொண்ணு போட்டா வயலின் தெளியுதாம். இதுக்கு 'டியூப் ரோலிங்'னு பேராம். ஒரு பழைய ஜெர்மன் டெலிபங்கன் வால்வுக்கு அவன் சொன்ன விலை, எனக்குப் பத்து மூட்டை நெல்லு.

இதைப் புதுப் பழக்கம்னு அவன் நினைக்கிறான். எங்க பக்கத்து மைக்செட்காரங்க ஐம்பது வருஷம் முன்னாடியே செய்த வேலைதான் இது. அவங்க செஞ்சது ஆசைக்காக இல்ல, பிழைப்புக்காக. அந்தக் கதையை யாரும் எழுதி வைக்கலை. எனக்குத் தெரிஞ்சதை எழுதறேன்.

முதல்ல வால்வுன்னா என்னன்னு சொல்லிடறேன். ஏரி மதகை நினைச்சுக்கோங்க. ஷட்டரைத் திருக ஒரு ஆள் பலம் போதும், ஆனா அதில் பாயும் தண்ணி நூறு ஏக்கருக்குப் போகும். வால்வுக்குள்ளயும் அதே கணக்குதான். காத்தை உறிஞ்சி எடுத்த கண்ணாடிக் குடுவைக்குள்ள ஒரு இழை சூடாகுது. சூட்டில் எலெக்ட்ரான் கிளம்பி எதிரே இருக்கும் தகட்டுக்கு ஓடுது. நடுவில் இருக்கும் கம்பி வலைதான் ஷட்டர். மைக்கிலிருந்து வரும் துளியூண்டு மின்சாரம் அந்த வலையை ஆட்டினா, தகட்டில் பெரிய ஓட்டம் ஏறி இறங்கும். 1904-ல் இங்கிலாந்தில் பிளெமிங் வலை இல்லாத வால்வைச் செய்தார். 1906-ல் அமெரிக்காவில் லீ டி பாரஸ்ட் வலையைச் சேர்த்தார். சின்னச் சத்தத்தைப் பெருசாக்கும் வித்தை அந்த வலையில்தான் பிறந்தது.

மெட்ராஸுக்கு ரேடியோ வந்தது 1924-ல். சி.வி. கிருஷ்ணசாமி செட்டி என்ற இன்ஜினியர் முன்னின்று மெட்ராஸ் ரேடியோ கிளப்பைத் தொடங்கினார். மூணு வருஷத்தில் காசு இல்லாமல் அது நின்னு போச்சு. 1930-ல் மாநகராட்சி அந்த வேலையை எடுத்துக்கிட்டது. மெரினாவில் ஒலிபெருக்கி வைத்து, ரேடியோ வாங்க முடியாதவங்களும் கேட்கும்படி செய்தாங்க. 1938 ஜூனில் அகில இந்திய வானொலி மெட்ராஸ் நிலையம் தொடங்கிச்சு, அடுத்த வருஷம் திருச்சி.

அப்போ ரேடியோவும் வால்வும் கடல் தாண்டித்தான் வந்தாகணும். பிலிப்ஸ், மர்பி, எச்எம்வி என்று பெட்டி பெட்டியாகக் கப்பலில் வரும். நம்ம நாட்டில் வால்வு செய்ய ஆரம்பித்தது 1961-ல்தான். 1954-ல் பெங்களூரில் தொடங்கின பாரத் எலெக்ட்ரானிக்ஸ் அதைச் செய்தது. பெட்டியில் 'பெல்'னு அச்சடிச்சு வரும்.

எங்க ஊர் மீஞ்சூருக்கு வடக்கே. ரயில் ஏறினா எண்ணூர், திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, ராயபுரம் தாண்டி பீச் ஸ்டேஷன். நெல்லும் காய்கறியும் அந்தப் பக்கம் போகும், வால்வும் கண்டன்சரும் இந்தப் பக்கம் வரும். மூர் மார்க்கெட்டிலும் ரிச்சி தெருவிலும் தேடினா எதுவும் கிடைக்கும்னு எங்க ஊர் மைக்செட் அண்ணன் சொல்லுவார். ஆனா கேட்ட கம்பெனி கிடைக்காது, இருக்கிறதைத்தான் வாங்கணும். ஒரு ஆம்ப்ளிபயருக்குள்ள இங்கிலாந்து வால்வு ஒண்ணு, பெங்களூர் வால்வு ஒண்ணு, பேர் அழிஞ்சு போனது ஒண்ணுன்னு உட்கார்ந்திருக்கும். சுண்ணாம்புக் கட்டியால் ஒவ்வொண்ணு மேலயும் அவர் ஒரு குறி போட்டு வைப்பார். சைக்கிளில் போகும்போது வால்வை எல்லாம் கழற்றி, பழைய வேட்டித் துணியில் சுற்றி மடியில் கட்டிக்குவார். குலுக்கலில் இழை அறுந்தா அன்னைக்கு வாடகை போச்சு.

அவர் வால்வு மாத்தினது எதுக்குன்னு கேளுங்க. மைக் வாங்கும் இடத்தில் 12 ஏஎக்ஸ் 7 என்ற சின்ன வால்வு இருக்கும். ஐரோப்பாக்காரங்க அதையே ஈசிசி 83 என்பாங்க. அதுக்கு நூறு மடங்கு பெருக்கும் குணம். அதே ஒன்பது கால் சாக்கெட்டில் 12 ஏடி 7-ம் உட்காரும், அதுக்கு அறுபது. 12 ஏயூ 7-ம் உட்காரும், அதுக்கு இருபதுக்குள்ளே. கோயில் மண்டபத்தில் நாதஸ்வரத்துக்கு மைக் வெச்சா, ஷட்டர் கொஞ்சம் திறந்தாலே வெள்ளம். வால்யூம் குமிழை ஒரு மயிரிழை திருப்பினாலே குழாய் 'ஊ'ன்னு ஊளையிடும். அண்ணன் நூறைக் கழற்றிட்டு அறுபதைச் செருகுவார். குமிழ் நிதானமாகத் திரும்பும், நாதஸ்வரமும் கரகரன்னு உடையாது. மெல்லிசாப் பேசுற புலவர் சொற்பொழிவுன்னா மறுபடி நூறு. நல்லாக் கேட்கணும்னா ரெண்டுக்கும் சர்க்யூட்டில் சின்ன மாற்றமும் வேணும். அதைக் காதால் கேட்டே செய்வார்.

இன்னொரு சங்கதி எங்க ஊர் கரெண்டு. கடைசிக் கம்பம். நடவு நேரத்தில் மோட்டார் எல்லாம் ஓடினா 230 இருக்க வேண்டிய இடத்தில் 180 வரும். வால்வின் இழைக்கு 6.3 வோல்ட் வேணும், அன்னைக்கு 5 கூட தேறாது. இழை சோர்ந்து போய், பாட்டு காய்ச்சல்காரன் பேச்சு மாதிரி வரும். எந்த வால்வு சோர்வைத் தாங்கும்னு அண்ணனுக்கு ஒரு கணக்கு இருந்துச்சு. தாங்குறதைத் திருவிழாவுக்கு எடுத்து வைப்பார், தாங்காததை டவுன் கல்யாணத்துக்கு.

கூம்புக் குழாய் அடிக் குரலைத் தராது, நடுக் குரலைத்தான் தூக்கி வீசும். அதனாலதான் சீர்காழியும் டி.எம்.எஸ்ஸும் மூணு வயல் தாண்டிக் கேட்டாங்க. வால்வு அதிகச் சுமை தாங்காதபோதும் சட்டுனு வெட்டாது, மெதுவா மழுங்கும். டிரான்சிஸ்டர் ஒரு அளவுக்கு மேல் நறுக்குனு வெட்டிடும். 'வால்வுச் சத்தம் இதமா இருக்கு'ன்னு இன்னைக்குச் சொல்றதில் பெரும் பங்கு இந்த மழுங்கல்தான்.

கப்பலில் வந்த வால்வு ரேடியோவின் கதையை முடிச்சதும் துறைமுகத்துப் பக்கம்தான். 1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தது (பெங்களூர் பெல் வேற, இது வேற). பர்மாவில் ராணுவ ஆட்சி வந்து கடைகளை அரசாங்கம் எடுத்துக்கிட்டதும், அங்கிருந்து துரத்தப்பட்ட தமிழருக்காக 1969-ல் பீச் ஸ்டேஷன் எதிரே பர்மா பஜார் வந்துச்சு. ஜப்பான் டேப் ரிக்கார்டரும் டூ-இன்-ஒன்னும் அங்க வரிசையா நிக்கும். திருவொற்றியூர் ஹை ரோட்டில் எவரெடி கம்பெனி, கட்டை பேட்டரி செய்தது. நாலு கட்டை போட்டா டிரான்சிஸ்டர் வரப்பு மேலயே பாடும். சூடாக அரை நிமிஷம் எடுத்துக்கிற வால்வு ரேடியோவை யார் சீந்துவாங்க? 1985-ல் மூர் மார்க்கெட்டும் எரிஞ்சு போச்சு.

எங்க அண்ணன் தொண்ணூறுகளில் ரெண்டு வால்வு ஆம்ப்ளிபயரைப் பழைய இரும்புக் கடையில் போட்டார். கடைக்காரர் டிரான்ஸ்பார்மர் செம்பை மட்டும் எடை போட்டார். வால்வுகளைத் தரையில் கொட்டிக் காலால் ஒதுக்கினார். பொண்ணு கல்யாணச் செலவு இருந்துச்சு, அண்ணன் ஒண்ணும் பேசலை. இப்போ கூம்புக் குழாய்க்குப் போலீஸ் அனுமதியும் இல்ல. 2000-ல் வந்த ஒலி மாசு விதிப்படி ராத்திரி பத்து மணிக்கு மேல் எதுவும் கூடாது. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக்கும் நோயாளிக்கும் அது நல்லதுதான், நான் குறை சொல்லலை.

இன்னைக்குப் புது வால்வு பெரும்பாலும் ரஷ்யா, சீனா, ஸ்லோவாக்கியா மூணு நாட்டில்தான் செய்யறாங்க. 2022-ல் உக்ரைன் போர் வந்து, ரஷ்யா ஏற்றுமதியை நிறுத்தினதும் உலகம் முழுக்க விலை எகிறிச்சு.

சரி, வால்வு மாத்தினா பாட்டு மாறுமா? அண்ணன்கிட்டயே கேட்டேன். இப்போ எண்பதைத் தொடப் போறார், காது மந்தம். "மாறும்டா தம்பி. பழசு செத்துப்போய்க் கிடந்து புதுசு போட்டா மாறும். வேற நம்பர் போட்டா மாறும். ஜோடி வால்வுல ஒண்ணு இளைச்சிருந்தா, ரெண்டையும் சரிசமமா மாத்தினா மாறும். ரெண்டு நல்ல வால்வு, ஒரே நம்பர், பேர் மட்டும் வேறன்னா, கண்ணைக் கட்டிட்டுச் சொல்லச் சொல்லு."

அவர் பார்க்கும் முறை இது. முதல்ல குடுவை உச்சியில் இருக்கும் வெள்ளிப் பூச்சு. அது பால் மாதிரி வெளுத்திருந்தா உள்ளே காத்து புகுந்துடுச்சு, தூக்கிப் போடணும். அடுத்து, ஓடும்போது பென்சிலால் மெல்லத் தட்டணும். ஸ்பீக்கரில் 'டிங்'னு மணி அடிச்சா அது மைக் பக்கம் ஆகாது. கடைசிக் கட்டத்துப் பெரிய வால்வை மாத்தினா பயாஸ் சரி பார்க்கணும், இல்லைன்னா தகடு செவந்து போகும். இதெல்லாம் பார்த்த பிறகுதான் கம்பெனிப் பேர்.

அக்கா பையனுக்கு ரெண்டு சொன்னேன். உள்ளே முன்னூறு, நானூறு வோல்ட் ஓடும், பிளக்கைப் பிடுங்கினாலும் கண்டன்சரில் கரெண்டு தங்கியிருக்கும். தெரியாமல் கை வெச்சா உயிருக்கே ஆபத்து. அப்புறம், பத்து மூட்டை நெல் விலை கொடுத்து வால்வு வாங்குறதுக்கு முன்னாடி பொங்கலுக்கு இங்க வாடா, அண்ணன் இன்னும் இருக்கார்னு சொன்னேன். அவரிடம் வால்வு ஒண்ணும் மிஞ்சலை. எந்த வால்வு எப்படிக் கேட்கும்னு அவருக்குத் தெரியும். அதை யாராவது உட்கார்ந்து கேட்டு எழுதிக்கணும்.

உங்க ஊரிலும் ஒரு பழைய மைக்செட்காரர் இருப்பார். விசாரிச்சுப் பாருங்க.