கையெழுத்து வாங்கும் இந்தியானா, கணக்கு வைக்கும் தமிழ்நாடு

ஏழை வீட்டுப் பிள்ளை கல்லூரிக்குப் போக அரசு பணம் தரலாம். அப்படி ஒரு பணம் இருக்கிறது என்பதை அந்தப் பிள்ளைக்கு எந்த வயதில் சொல்வது என்பது தனிக் கேள்வி. அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தையும் தமிழ்நாட்டையும் அருகருகே வைத்துப் பார்க்கத் தூண்டுவது இந்த இரண்டாவது கேள்விதான். இரண்டுமே கல்லூரி உதவியை நடுநிலை வகுப்புகளோடு முடிச்சுப் போட்டிருக்கின்றன. அங்கே ஏழாவது, எட்டாவது; இங்கே ஆறாவது.

இந்தியானாவின் திட்டம் 1990-இல், இவான் பேய் ஆளுநராக இருந்தபோது சட்டமானது. பெயர் ‘ட்வென்டி ஃபர்ஸ்ட் செஞ்சுரி ஸ்காலர்ஸ்’. இதே எண்ணத்தைத் தனி மனிதர் ஒருவர் முன்பே செய்து காட்டியிருந்தார். 1981-இல் யூஜின் லாங் என்ற தொழிலதிபர், தான் படித்த நியூயார்க் கிழக்கு ஹார்லெம் பள்ளிக்குப் பேசப் போனவர், கையிலிருந்த உரையை விட்டுவிட்டு, எதிரே இருந்த 61 ஆறாம் வகுப்புக் குழந்தைகளிடம், பள்ளியை முடித்தால் கல்லூரிச் செலவுக்கு உதவுவதாகச் சொல்லிவிட்டார். பிறகுதான் பணம் மட்டும் போதாது என்று அவருக்குத் தெரிந்தது. பிள்ளைகளை அடிக்கடி பார்த்துப் பேச ஒரு சமூகப் பணியாளரை அமர்த்தினார்; தானும் தொடர்ந்து அவர்களைச் சந்தித்தார்.

இந்தியானாவில் அந்த இடத்தில் அரசு நிற்கிறது. பள்ளியில் இலவசமாகவோ சலுகை விலையிலோ மதிய உணவு பெறுமளவுக்குக் குடும்ப வருமானம் குறைவாக இருந்தால் பிள்ளைக்குத் தகுதி உண்டு. (சத்துணவு வரிசையில் நிற்கும் பிள்ளையிடம் நாம் வருமானச் சான்று கேட்பதில்லை. அதை ஒரு பெருமையாகவே சொல்லலாம்.) எட்டாம் வகுப்பு முடியும் ஆண்டின் ஜூன் 30-க்குள் உறுதிமொழியில் கையெழுத்திட்டுப் பதிவு செய்ய வேண்டும் என்பதுதான் நெடுங்காலம் விதியாக இருந்தது. தேதி தவறியவருக்கு ஒன்பதாம் வகுப்பில் கதவு திறக்கவில்லை. அரசுக் கல்லூரியில் முழுக் கல்விக் கட்டணம் வரை உதவி கிடைக்கும். பதிலுக்குப் பிள்ளை மாநிலம் வகுத்த பாடத்திட்டத்தை முடிக்க வேண்டும், நான்கு புள்ளிக் கணக்கில் 2.5-க்குக் குறையாமல் சராசரி வைத்திருக்க வேண்டும், போதைப்பொருளைத் தொடக் கூடாது, குற்றம் செய்யக் கூடாது.

அதோடு உயர்நிலைப் பள்ளியின் நான்கு ஆண்டுகளுக்கும் ஆண்டுக்கு மூன்றாகப் பன்னிரண்டு வேலைகள் உண்டு. ஒன்பதாவதில் பள்ளி முடிக்கும் திட்டத்தை எழுதுவது, பத்தாவதில் கல்லூரிக்கு என்ன செலவாகும் என்று கணக்குப் போடுவது, பதினொன்றாவதில் ஒரு கல்லூரி வளாகத்தை நேரில் பார்ப்பது, பன்னிரண்டாவதில் மத்திய அரசின் உதவிப் படிவத்தை நிரப்புவது என்று போகிறது அந்தப் பட்டியல். திட்டத்தின் உயிர் இந்தப் பட்டியலில்தான் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. கல்லூரி வாசலை மிதித்தவர் ஒருவரும் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு, படித்த வீட்டுப் பிள்ளை சாப்பாட்டு நேரத்துப் பேச்சிலேயே தெரிந்துகொள்வதையெல்லாம் ஆண்டுக்கு மூன்றாகப் பிரித்துக் கொடுக்கிறார்கள்.

இனி நம் பக்கம். 2020-இல் வந்த சட்டம் மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காட்டை அரசுப் பள்ளி மாணவர்களுக்கு ஒதுக்கியது. 2021-இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் போன்ற படிப்புகளுக்கும் அது நீண்டது. 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கிய ‘புதுமைப் பெண்’ திட்டம், உயர்கல்வியில் சேரும் பெண்ணின் வங்கிக் கணக்கில் மாதம் 1,000 ரூபாய் போடுகிறது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் இருந்த திருமண உதவித் திட்டமே இப்படி உருமாறியது. தாலிக்குத் தங்கம் கொடுத்த பெயரில் இன்று படிப்புக்குப் பணம் போகிறது. 2024 ஆகஸ்டில் பையன்களுக்கு ‘தமிழ்ப் புதல்வன்’ வந்தது. ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் படிப்பவர்களுக்கும் இந்தப் பணம் உண்டு என்பது முக்கியம்.

எல்லாவற்றிலும் ஓடும் நிபந்தனை ஒன்றுதான்: ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். (மாத உதவி பின்னர் அரசு உதவிபெறும் பள்ளிகளின் தமிழ்வழி மாணவர்களுக்கும் விரிந்தது. கல்வி உரிமைச் சட்டத்தில் எட்டு வரை தனியார் பள்ளியில் படித்துவிட்டு அரசுப் பள்ளிக்கு வருபவர்களுக்கும் விலக்கு உண்டு.) கையெழுத்து இல்லை, உறுதிமொழி இல்லை, மாத உதவிக்கு மதிப்பெண் வரம்பும் இல்லை. அரசு பின்னோக்கிப் பார்க்கிறது. பதினேழு வயதில் விண்ணப்பம் போடும்போது பத்து, பதினொரு வயதில் எந்தப் பள்ளியில் இருந்தாய் என்று கேட்கிறது.

கண்ணியம் என்று பார்த்தால் தமிழ்நாட்டின் முறைதான் மேல். பதின்மூன்று வயது ஏழைச் சிறுவனிடம் ‘குற்றம் செய்ய மாட்டேன்’ என்று எழுதி வாங்கியது எனக்கு உறுத்துகிறது. வசதியான வீட்டுப் பையனிடம் எந்தக் கல்லூரியும் எட்டாம் வகுப்பில் இப்படிக் கேட்பதில்லை. ஆனால் காலம் என்று பார்த்தால் இந்தியானா முந்திக்கொள்கிறது. அங்கே பிள்ளைக்கு விஷயம் முன்பே தெரியும். இங்கே ஆறாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குத் தன் பெயரில் ஒரு கணக்கு ஓடத் தொடங்கிவிட்டது என்று யாரும் சொல்வதில்லை. பெற்றோர் கொஞ்சம் கையில் காசு வந்ததும் ஏழாவதில் தனியார் பள்ளிக்கு மாற்றுவார்கள். கட்டணம் கட்ட முடியாமல் ஒன்பதாவதில் திரும்ப அழைத்து வருவார்கள். அந்த இரண்டு ஆண்டுகளில் எதை விட்டோம் என்பது பன்னிரண்டாவது முடிந்து படிவத்தை நிரப்பும்போதுதான் தெரியவரும்.

எட்டாம் வகுப்பில் நம் ஆசிரியர்கள் விழுந்து விழுந்து தயார் செய்வது என்.எம்.எம்.எஸ். என்ற மத்திய அரசு உதவித்தொகைத் தேர்வுக்கு. தேறினால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். நல்ல உதவி. ஆனால் மாநிலத்துக்கே 6,695 இடங்கள்தான், இது போட்டி. தேறாத மற்றவர்களோடு கல்லூரியைப் பற்றிப் பேச அந்தத் தேர்வில் இடமில்லை. மாநில அரசின் ‘நான் முதல்வன்’ திட்டம் வழியாகப் பள்ளிகளில் உயர்கல்வி வழிகாட்டல் நடக்கிறது, ஆனால் அது ஒன்பதாம் வகுப்பிலிருந்துதான். ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியோ எட்டாவதோடு மாற்றுச் சான்றிதழைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுகிறது.

நம் பாதை பிரியும் இடங்களை வைத்துப் பார்த்தால் இந்தத் தாமதம் இன்னும் அதிகமாக உறைக்கும். வெல்டர், ஒயர்மேன் போன்ற சில ஐ.டி.ஐ. பிரிவுகளில் எட்டாவது முடித்தாலே சேரலாம். பாலிடெக்னிக் பத்தாவதுக்குப் பிறகு. அதை முடித்தவர் பொறியியலின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். மேல்நிலை ‘குரூப்’ எது என்பதைப் பத்தாவது முடிவு வந்த சில நாட்களில் தீர்மானித்தாக வேண்டும். உயிரியல் இல்லாத குரூப்பை எடுத்தவர் பிறகு 7.5 விழுக்காட்டைப் பற்றித் தெரிந்துகொண்டாலும் மருத்துவப் பக்கம் திரும்ப வழி ஏறக்குறைய அடைபட்டிருக்கும். இந்தியானாவில் பள்ளி முடியும்வரை எல்லோருக்கும் பெரும்பாலும் ஒரே சாலைதான்.

இந்தியானாவின் வெற்றிக் கணக்கைச் சற்று நிதானமாகத்தான் படிக்க வேண்டும். மாநிலம் முழுவதும் பள்ளி முடித்து நேரே கல்லூரி போனவர்கள் 2015-இல் 65 விழுக்காடாக இருந்து 2020-இல் 53-க்கு இறங்கினார்கள். அதே நேரத்தில் இந்தத் திட்டத்துப் பிள்ளைகளில் பத்துக்கு எட்டுப் பேர் போனார்கள். பெரிய வேறுபாடுதான். ஆனாலும் ஜூன் 30-க்குள் படிவத்தைத் தேடிப்பிடித்து நிரப்பிய குடும்பம் ஏற்கெனவே கல்லூரியை நினைத்துக்கொண்டிருந்த குடும்பமாகவும் இருக்கலாம். தகுதியிருந்தும் பதிவு செய்யாமல் விட்டவர்கள் எப்போதும் ஏராளம்.

அந்த ஓட்டையை அடைக்க 2023-இல் சட்டத்தை மாற்றினார்கள். தகுதியுள்ள பிள்ளைகள் இப்போது தாமாகவே பதிவாகிவிடுகிறார்கள். இதனால் இந்தியானா நம் இடத்தை நெருங்கியிருக்கிறது, நம் சிக்கலோடு சேர்த்தே. பெயர் பட்டியலில் ஏறுவது கணினியின் வேலை. பன்னிரண்டு வேலைகளும் 2.5 சராசரியும் இன்னும் பிள்ளையின் பொறுப்பு. தான் பட்டியலில் இருப்பதே தெரியாத பிள்ளை அவற்றில் எதையும் செய்யாது. ஆகவே அங்கே பள்ளிகள் இனி கையெழுத்து வாங்க வீடு தேடிப் போவதற்குப் பதில், செய்தி சொல்லப் போக வேண்டியிருக்கிறது. நம்மிடம் அதற்கான ஏற்பாடு பாதி தயார்: பள்ளிக் கல்வித் துறை ஒவ்வொரு மாணவருக்கும் தரும் எமிஸ் எண்ணை வைத்தே எந்தப் பிள்ளை ஆறாவதிலிருந்து எங்கே படிக்கிறது என்பது தெரிந்துவிடும். எட்டாவது முடித்துப் போகும் பிள்ளையின் மாற்றுச் சான்றிதழோடு, ‘உனக்கு மூன்று ஆண்டு சேர்ந்துவிட்டது, இன்னும் நான்கு ஆண்டு அரசுப் பள்ளியில் இருந்தால் இவையெல்லாம் கிடைக்கும்’ என்று ஒரு தாள் சேர்த்துக் கொடுக்கத் தலைமையாசிரியருக்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டியதில்லை.