மறுநாள் காலை கதவைத் திறப்பவர் யார்?

மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று சங்கச் செயலாளர் கேட்டார். அரசர்களையும் போர்களையும் விட்டுவிட்டு, நம் வகுப்புக்காரர்கள் கண்ணால் கண்ட வரலாறு ஒன்றை எழுதலாமே என்று எனக்குத் தோன்றியது. 1995 டிசம்பரில் சென்னையில் நடந்த தெற்காசிய விளையாட்டுப் போட்டிகளைத்தான் சொல்கிறேன். அப்பல்லாம் நமக்கு அது 'சாஃப் கேம்ஸ்'.

ஹாஸ்டலிலிருந்து ஏழெட்டுப் பேர் பல்லவன் பஸ் பிடித்து நேரு ஸ்டேடியம் போனோம். ஏழு நாடுகளின் வீரர்கள். கண் கூசும் விளக்குகள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர், "தம்பி, இதே இடத்துலதான் மன்கட்டும் பங்கஜ் ராயும் 413 அடிச்சாங்க. அப்போ இது கார்ப்பரேஷன் ஸ்டேடியம்" என்றார்.

அவர் சொன்னது உண்மை. 1956 ஜனவரியில் நியூசிலாந்துக்கு எதிராக அந்த இருவரும் தொடக்க ஜோடியாகச் சேர்த்த 413 ரன், 2008 வரை உலக சாதனையாக நின்றது. பின்னர் டெஸ்ட் கிரிக்கெட் சேப்பாக்கத்துக்கே திரும்பிவிட, பழைய ஸ்டேடியம் களையிழந்தது. 1993இல் அது 260 நாட்களில் புதிதாகக் கட்டி எழுப்பப்பட்டது. சாஃப் போட்டிகளுக்காக வேளச்சேரியில் நீச்சல் குளமும், நுங்கம்பாக்கத்தில் டென்னிஸ் அரங்கமும் வந்தன.

விழா பத்து நாட்களில் முடிந்துவிட்டது. கட்டியதெல்லாம் என்ன ஆயிற்று?

நுங்கம்பாக்கத்தில் 1997 முதல் 2017 வரை ஆண்டுதோறும் சர்வதேச ஆடவர் டென்னிஸ் நடந்தது. 2018இல் அந்தப் போட்டி புனேவுக்குப் போய்விட்டது, அரங்கம் போகவில்லை. 2022இல் மகளிர் போட்டி அங்கேயே நடந்தது. நேரு ஸ்டேடியத்தில் 2014 முதல் சென்னையின் கால்பந்து அணி ஆடத் தொடங்கியது. வேளச்சேரி குளத்துக்குப் பல ஆண்டுகள் கழித்து என் மகளை அழைத்துப் போனேன். பயந்து பயந்து தண்ணீரில் கால் வைத்த அந்தக் குழந்தைக்கு, இந்தக் குளம் எந்தப் போட்டிக்காகக் கட்டியது என்று தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. எனக்கு அன்று மனம் நிறைந்தது.

ஆனால் எல்லா இடத்திலும் இப்படி நடப்பதில்லை. எங்கள் ஊர்ப் பக்கம் மாநில அளவிலான போட்டி ஒன்றுக்காக நல்ல ஓடுதளம் போட்டார்கள். போட்டி முடிந்த மறுநாள் பையன்கள் ஓடப் போனால் கதவில் பூட்டு. "உள்ளே விட ஆர்டர் இல்லீங்க சார்" என்றார் காவலாளி. அவர் மேல் குற்றமில்லை. போட்டிக்குப் பிறகு யார் திறப்பது, யார் பராமரிப்பது என்று யாருமே தீர்மானித்திருக்கவில்லை. இரண்டு மழைக்காலத்தில் தளம் பெயர்ந்துவிட்டது.

பெரிய நாடுகளும் இதில் சறுக்கியிருக்கின்றன. 1976 ஒலிம்பிக்ஸுக்காக மான்ட்ரியல் நகரில் கட்டிய அரங்கத்தின் கடன் தீர 2006 வரை, முப்பது ஆண்டுகள் ஆயின.

இந்த விஷயத்தில் எனக்குப் பாடம் சொன்ன இடம் லண்டன். 2015இல் அங்கே குடியேறிவிட்ட நம் வகுப்புத் தோழன் வீட்டுக்குப் போயிருந்தபோது, 2012 ஒலிம்பிக்ஸ் நடந்த ஸ்ட்ராட்ஃபோர்டுக்கு அழைத்துப் போனான். நகரின் கிழக்கே, பழைய தொழிற்சாலைகளும் மாசுபட்ட மண்ணுமாகக் கிடந்த பகுதி அது. அங்கே நீச்சல் அரங்கத்தைக் கட்டும்போதே அதன் பிற்கால வாழ்வை யோசித்திருந்தார்கள். 17,500 பேருக்கான இருக்கைகளில் பெரும்பகுதி இரு பக்கமும் தற்காலிகமாகப் பொருத்தியவை. போட்டி முடிந்ததும் கழற்றிவிட்டு 2,500 இருக்கையோடு 2014 மார்ச்சில் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். நான் போனபோது பள்ளிப் பிள்ளைகள் நீந்திக்கொண்டிருந்தார்கள். வீரர்கள் தங்கிய குடியிருப்பும் 2,818 வீடுகளாக மாறிவிட்டது.

அதே வளாகத்தில் பெரிய ஸ்டேடியத்தின் கதை வேறு. பின்னால் அது யாருக்கு என்பதைக் கடைசி வரை உறுதி செய்யவில்லை. ஒரு கால்பந்துக் கழகத்துக்காக அதை மாற்றியமைக்க 32 கோடி பவுண்டுக்கு மேல் செலவானது; பெரும்பகுதி பொதுப்பணம். ஒரே ஊர், ஒரே விழா, ஒரே திறமைசாலிகள். குளத்துக்கு முன்கூட்டியே விடை இருந்தது, ஸ்டேடியத்துக்கு இல்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. அந்த இடத்தில் முன்பு கிளேஸ் லேன் என்ற குடியிருப்பு இருந்தது. அங்கு வாழ்ந்த 400க்கும் மேற்பட்டவர்கள் 2007இல் வெளியேற்றப்பட்டார்கள். சமுதாயத்துக்கு நன்மை என்று கணக்கு எழுதும்போது, அந்தச் சமுதாயத்தில் யார் மிஞ்சினார்கள் என்பதையும் எழுத வேண்டாமா?

2030 காமன்வெல்த் போட்டிகளை நடத்தும் பொறுப்பு அகமதாபாத்துக்குக் கிடைத்திருக்கிறது. 2036 ஒலிம்பிக்ஸையும் நம் நாடு கேட்டிருக்கிறது. மகிழ்ச்சிதான். அடிக்கல் நாட்டும் முன்பே மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வேண்டும் என்பதே என் ஆசை. போட்டிக்கு மறுநாள் கதவைத் திறப்பவர் யார்? பத்தாம் ஆண்டு பராமரிப்புச் செலவு எங்கிருந்து வரும்? இதற்காக இடம் விட்டவர்களுக்கு இங்கேயே இடம் உண்டா?

அகமதாபாத் வரை போக வேண்டாம். நம் கல்லூரி மைதானத்துக்கு விளக்குக் கம்பங்கள் வாங்கித் தரலாம் என்று இந்தச் சந்திப்பில் பேச இருக்கிறோம். நானும் என் பங்கைத் தருகிறேன். அதோடு, மாலையில் பக்கத்துத் தெருப் பிள்ளைகளை உள்ளே விடுவது பற்றியும், கரண்ட் பில்லை யார் கட்டுவது என்பது பற்றியும் அதே கூட்டத்திலேயே பேசி முடித்துவிடுவோம், நண்பர்களே. கல்வெட்டில் நம் பெயர் வருவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.