மூவாயிரம் மைல் என்னும் நியமம்

மோட்டார் கார் வைத்திருப்போர் வழிவழியாக அனுஷ்டித்து வந்த நியமங்களுள், மூவாயிரம் மைலுக்கு ஒருமுறை எஞ்சின் ஆயிலை மாற்றிவிட வேண்டும் என்பதைப் போல நெடுங்காலம் கேள்வியின்றி நின்றது வேறொன்று இராது. அமெரிக்காவில் தகப்பன் மகனுக்குச் சாவியோடு சேர்த்துக் கொடுத்த அந்த எண், மைல் போய்க் கிலோமீட்டர் வந்த நம் நாட்டிலே ஐயாயிரம் என்று உருமாறி, ஒர்க்‌ஷாப்பிலிருந்து ஒர்க்‌ஷாப்புக்குப் பரவியது. சிந்தெடிக் ஆயில் என்னும் செயற்கை எண்ணெய் புழக்கத்துக்கு வந்து அரை நூற்றாண்டு கழிந்த பின்னும் அதை விட மனம் வராதவர் பலர் இருக்கின்றனர். அவர்களை மூடர் என்று ஒதுக்குவது தகாது. அந்த எண்ணுக்கு ஒரு காலத்தில் பரிபூரணமான நியாயம் இருந்தது. அந்த நியாயம் எப்படிப் பிறந்தது, எப்படிக் கழிந்தது என்பதை அறிந்தவருக்கே இன்றைய வண்டிக்கு எத்தனை மைல் என்ற கேள்வியைச் சரியாகக் கேட்க முடியும்.

ஆரம்ப காலத்து எஞ்சின்கள் பலவற்றில் ஆயிலை மாற்றுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. ஏனெனில் ஊற்றிய எண்ணெய் திரும்பி வருவதில்லை. பேரிங்குகளின் மீதும் சிலிண்டரின் மீதும் சொட்டுச் சொட்டாக விழுந்து, தன் வேலையை முடித்துக்கொண்டு, புகையாகவும் ஒழுக்காகவும் வெளியேறிவிடும். 1914-இல் மூண்ட மகாயுத்தத்தில் பறந்த ஆகாய விமானங்களுள் க்னோம், ல ரோன் என்னும் சுழல் எஞ்சின்களைக் கொண்டவை அனைத்தும் இவ்வாறே ஆமணக்கெண்ணெயைக் குடித்துக் கக்கின. அவ்வெஞ்சின்களில் பெட்ரோல் கலந்த காற்று கிராங்க் கேஸின் வழியாகவே சிலிண்டருக்குச் செல்லும். பூமியிலிருந்து எடுத்த எண்ணெயைப் பெட்ரோல் கரைத்துவிடும், ஆமணக்கெண்ணெயையோ எளிதில் கரைக்காது. நம் கிராமங்களில் வைக்கோற்கரியோடு குழைத்து வண்டி மையாக அச்சுக்கு இட்ட விளக்கெண்ணெயேதான் இது என்பதையும், ஆமணக்கு விதை வியாபாரத்தில் அந்நாளில் இந்தியாவுக்கே முதன்மையான ஸ்தானம் இருந்தது என்பதையும் நினைக்கும்போது, சேலம் ஜில்லாவின் மானாவாரிக் காட்டுக்கும் ஐரோப்பிய ஆகாயத்துக்கும் இருந்த சம்பந்தம் மனத்தைத் தொடுகிறது. லண்டனில் 1899-இல் சார்லஸ் வேக்ஃபீல்டு தொடங்கிய கம்பெனி, பத்தாண்டுகளுக்குப் பின் தன் எண்ணெய்க்குக் காஸ்ட்ரால் என்று பெயரிட்டதும் அதில் கலந்த ஆமணக்கின் நிமித்தமே. ஆனால் உஷ்ணத்தில் நெடுநேரம் கிடந்தால் ஆமணக்கெண்ணெய் பிசின்போல் இறுகும் சுபாவமுடையது. யுத்த விமானத்தின் எஞ்சினை அடிக்கடி அவிழ்த்துத் துடைக்கலாம், வீட்டுக் காரை அப்படிச் செய்ய இயலாது. ஆகவே சாமானியரின் வண்டிக்குப் பெட்ரோலிய எண்ணெயே நிலைத்தது.

1908-இல் வெளிவந்த ஃபோர்டு மாடல்-டி காரில் ஆயில் பம்பு இல்லை. கிராங்க் கேஸில் தேங்கிய எண்ணெயைச் சுழலும் உறுப்புகள் வாரி இறைக்கும், இறைத்ததே உயவு. ஆயில் ஃபில்டரும் இல்லை, காற்றை வடிகட்டும் ஏற்பாடும் இல்லை. ஓடியதோ புழுதி பறக்கும் மண்சாலைகளில். காலையில் குளிர்ந்து கிடக்கும் எஞ்சினைக் கிளப்புவதற்காகச் சோக்கை இழுத்தால், ஆவியாகாத பெட்ரோல் சிலிண்டர்ச் சுவர் வழியே வடிந்து எண்ணெயோடு கலந்து அதன் வழவழப்பைக் கொல்லும். பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கசியும் வாயுக்களில் நீராவியும் அமிலமும் கரியும் வந்து சேரும். இத்தனை சத்துருக்களுக்கு நடுவே ஓர் எண்ணெய் ஐந்நூறு அல்லது ஆயிரம் மைல் நின்றதே பெரிது; அக்காலத்துக் கையேடுகள் அவ்வளவில் வடித்துவிடச் சொன்னதில் மிகை ஒன்றுமில்லை. எர்னஸ்ட் ஸ்வீட்லாண்டு என்பவர் 1923-இல் ப்யூரோலேட்டர் என்ற பெயரில் ஆயில் ஃபில்டரைக் கண்டுபிடித்த பிறகே, எண்ணெயை எறிவதற்குப் பதிலாக அதைக் காப்பாற்றலாம் என்ற எண்ணம் மோட்டார் உலகில் வேரூன்றத் தொடங்கியது.

1930-களில் காட்டர்பில்லர் டிராக்டர்களின் டீசல் எஞ்சின்கள் ஒரு விநோத வியாதிக்கு ஆளாயின. பிஸ்டன் ரிங்குகள் கரிப்பசையில் ஒட்டிக்கொண்டு அசையாமற் போயின. நல்ல எண்ணெய், சுத்தமான எண்ணெய், விலையுயர்ந்த எண்ணெய் எதை ஊற்றினும் பயனில்லை. அப்போதுதான் எண்ணெயோடு வேறு இரசாயனப் பொருள்களைச் சேர்க்கும் வித்தை பிறந்தது. சவர்க்காரம் துணியின் அழுக்கைத் தூக்கி நீரில் மிதக்க விடுவது போல, அப்பொருள்கள் கரியை உலோகத்தில் படியவிடாமல் எண்ணெயிலேயே மிதக்க வைத்தன. இதன் ஒரு விளைவை நம்மவர் இன்றளவும் தவறாகவே வாசித்து வருகின்றனர். டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்து, எண்ணெய் கறுத்திருந்தால் கெட்டுவிட்டது என்று தீர்ப்பளிக்கிறார்கள். கறுத்த எண்ணெய் பெரும்பாலும் தன் கடமையைச் செய்துகொண்டிருக்கும் எண்ணெய்தான், எஞ்சினுக்குள் படிய வேண்டிய கரியைத் தான் ஏந்தியதனாலேயே அது கறுத்தது.

இரண்டாம் யுத்தத்தை ஒட்டித் துத்தநாகமும் பாஸ்பரஸும் அடங்கிய தேய்மானத் தடுப்புப் பொருளும் எண்ணெயில் சேர்ந்தது. குளிரிலும் வெப்பத்திலும் ஒருசேர உதவும் மல்டிகிரேடு எண்ணெய்கள் அதன் பின் வந்தன. கிராங்க் கேஸின் கெட்ட வாயுக்களைத் தெருவில் விடாமல் எஞ்சினுக்கே திருப்பி இழுத்து எரிக்கும் வால்வு 1961-இல் கலிஃபோர்னியாவில் புதுக் கார்களுக்கு வந்தது. ஆயினும் கார்புரேட்டரும் ஈயம் கலந்த பெட்ரோலும் இருந்தவரை எண்ணெயில் கசடு சேர்வது நிற்கவில்லை. மூவாயிரம் மைல் என்ற எண் இந்தச் சூழ்நிலைக்கு உரியது. அதன் நியாயம் அக்காலத்து எரிபொருளிலும் எஞ்சினிலும் பாதி, எண்ணெயில் பாதி என்று நான் கருதுகிறேன். பிற்காலத்தில் எண்ணெயை மட்டும் மாற்றி இந்த எண்ணை வென்றுவிட முயன்றவர்கள் இடறியதற்கும் அதுவே காரணம்.

செயற்கை எண்ணெயின் கதை மோட்டார் காருக்கும் முந்தையது. 1877-இல் பிரெஞ்சு இரசாயன விஞ்ஞானி ஷார்ல் ஃப்ரீடெலும் அமெரிக்கரான ஜேம்ஸ் கிராஃப்ட்ஸும் கண்டுபிடித்த வினைமுறையே, சிறு மூலக்கூறுகளை இணைத்து எண்ணெய் செய்யும் வழியைத் திறந்தது. 1929-இல் இந்தியானா ஸ்டாண்டர்டு ஆயில் கம்பெனி அத்தகைய எண்ணெய் ஒன்றைச் செய்து பார்த்தது. பூமியிலிருந்து மலிவாகப் பீறிட்டு வரும் எண்ணெய்க்கு முன்னால் அதை விலை கொடுத்து வாங்குவோர் இல்லை. தேவை வேறு திசையிலிருந்து வந்தது. பெட்ரோலிய வளம் குன்றிய ஜெர்மனியில், ஐ.ஜி. ஃபார்பன் ஸ்தாபனத்தின் விஞ்ஞானி ஹெர்மன் ஸோர்ன், எஸ்டர் என்னும் சேர்மங்களை ஆயிரக்கணக்கில் சோதித்து, பெட்ரோலியத்தின் நற்குணங்கள் இருந்து அதன் மெழுகும் பிசினும் இல்லாத திரவத்தைத் தேடினார். ருஷ்யப் பனியில் சாதாரண எண்ணெய் உறைந்து டாங்கிகளும் விமானங்களும் கிளம்ப மறுத்த அனுபவம் அத்தேட்டத்தை அவசரப்படுத்தியது. இந்த வித்தையின் வளர்ச்சியில் ஒரு கொடிய யுத்தத்தின் கறை இருப்பதை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை.

யுத்தம் முடிந்தபின் ஜெட் எஞ்சின் பரவியது. அதன் டர்பைன் பேரிங்குகளின் உஷ்ணத்தில் பெட்ரோலிய எண்ணெய் கருகும். முப்பதாயிரம் அடி உயரத்துக் குளிரிலோ இறுகும். ஆகவே ஆகாயத்தில் செயற்கை எண்ணெய் ஒரு செல்வச் சிறப்பாக இல்லாமல் நிர்ப்பந்தமாகவே ஆயிற்று. அந்த எண்ணெயோடு பழகிய ஜெட் படைப்பிரிவுத் தலைவர் ஆல்பர்ட் அமட்டூஸியோ, விமானத்துக்கு உகந்தது காருக்கு உகாதா என்று கேட்டார். அவர் தொடங்கிய ஆம்ஸாயில், 1972-இல் அமெரிக்கப் பெட்ரோலிய இன்ஸ்டிட்யூட்டின் தரத்துக்கு இணங்கிய முதல் செயற்கைக் கார் எண்ணெயை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டே அரபு நாடுகளின் எண்ணெய்த் தடை வந்து, பெட்ரோல் பங்க்குகளின் முன் கார்கள் வரிசையில் நின்றன. அந்தப் பதற்றத்தின் நடுவே மொபில் கம்பெனியின் மொபில்-1 தோன்றியது. எத்திலீன் வாயுவிலிருந்து படிப்படியாகக் கட்டப்படும் பாலி-ஆல்ஃபா-ஓலிஃபின் என்னும் திரவமே அதன் ஆதாரம். பனிப் பிரதேசக் குளிரிலும் பாய்வது, கொதிக்கும் சிலிண்டரருகே எளிதில் ஆவியாகாதது. இருபத்தையாயிரம் மைல் அல்லது ஓராண்டு என்று இரு கம்பெனிகளும் சொல்லின. மூவாயிரத்தை வேதவாக்காகக் கொண்டிருந்த தலைமுறைக்கு அது அதிசயமாகவும் சந்தேகமாகவும் இருந்தது.

சந்தேகத்துக்கு இடமும் இருந்தது. பழைய எஞ்சின்களில் புது எண்ணெய் ஒழுகுகிறது என்ற குறை எழுந்தது. பாலி-ஆல்ஃபா-ஓலிஃபினுக்கு ரப்பர் சீல்களைச் சற்றே சுருங்கச் செய்யும் இயல்பு உண்டு. சீல்களை உப்பச் செய்யும் எஸ்டரை அளவறிந்து சேர்த்து அதைச் சரிக்கட்டினர். ஆனால் இருபத்தையாயிரம் மைலுக்கு நேர்ந்த தடை அத்தனை எளிதில் தீர்வதன்று. செயற்கை எண்ணெய் தானே கெடுவது மிக மெதுவாகத்தான். அவ்வளவில் வாக்குறுதி மெய்யே. எனினும் டப்பாவில் இருப்பது எண்ணெய் மாத்திரமன்று. அமிலத்தை முறிக்கும் காரம், கரியை ஏந்தும் பொருள், தேய்மானம் தடுக்கும் பொருள் ஆகியவை ஒவ்வொரு மைலிலும் செலவாகிக்கொண்டே வருகின்றன. அவை தீர்ந்தபின் ஆதார எண்ணெய் எத்தனை உயர்ந்ததாயினும் எஞ்சினைக் காக்காது. வெளியிலிருந்து வரும் புழுதிக்கும், வடிந்து வரும் பெட்ரோலுக்கும், நீராவிக்கும் இது செயற்கையா இயற்கையா என்ற பேதம் தெரியாது. மொபில் கம்பெனியும் பிற்காலத்தில் அந்த எண்ணை விட்டுவிட்டு, காரைச் செய்தவர் சொல்லும் இடைவெளியைப் பின்பற்றுமாறு கூறும் நிலைக்கு வந்தது.

இதற்கிடையே எஞ்சின்கள் மாறிவிட்டன. ஈயம் போயிற்று, கார்புரேட்டர் இருந்த இடத்தில், வேண்டிய அளவு மட்டும் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் வந்தது. 1980-களின் அமெரிக்கக் கையேடுகளில் சாதாரண உபயோகத்துக்கு 7,500 மைலும், கடின உபயோகத்துக்கு 3,000 மைலும் என்று இரு கணக்குகள் இருந்தன. ஆனால் பத்து நிமிஷத்தில் ஆயில் மாற்றித் தரும் கடைகள் ஊர்தோறும் பெருகிய காலமும் அதுவே. அக்கடைகள் கண்ணாடியில் ஒட்டிய சிறு காகிதம் கையேட்டின் முதற் கணக்கை மறக்கச் செய்து, இரண்டாவதையே யாவர்க்கும் பொதுவாக்கிற்று. தேவையில்லாமல் வடித்தெறியப்பட்ட எண்ணெயில் எவ்வளவோ சாக்கடையிலும் மண்ணிலும் கலந்தது என்பதை எண்ணும்போது, இதை வெறும் வியாபார சாமர்த்தியம் என்று கடந்து செல்ல என்னால் இயலவில்லை.

கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் பத்திரிகை இவ்விஷயத்தைப் பிரத்தியட்சமாகவே பரிசோதித்தது. நியூயார்க் நகரத்து டாக்ஸிகள் 75-இல் புதுப்பித்த எஞ்சின்களைப் பொருத்தி, ஒவ்வொன்றையும் 60,000 மைல் ஓடவிட்டுப் பின் அவிழ்த்து அளந்து, 1996 ஜூலையில் முடிவை வெளியிட்டது. மூவாயிரம் மைலில் எண்ணெய் மாற்றிய எஞ்சின்களுக்கும் ஆறாயிரம் மைலில் மாற்றியவற்றுக்கும் கருதத்தக்க வித்தியாசம் இல்லை. டாக்ஸியின் எஞ்சின் நாள் முழுவதும் சூடாகவே இருப்பது என்பதையும், காலையில் கிளப்பிக் கடைத்தெரு வரை சென்று அணைக்கும் வீட்டுக் காரின் கஷ்டம் அதற்கில்லை என்பதையும் நினைவில் வைத்தே அம்முடிவை ஏற்க வேண்டும்.

செயற்கை என்பதன் இலக்கணமும் விரைவில் தகராறுக்குள்ளாயிற்று. பெட்ரோலிய எண்ணெயையே ஹைட்ரஜனால் கடுமையாகச் சிதைத்துத் திருத்தி, அதையும் சிந்தெடிக் என்று காஸ்ட்ரால் விற்க, மொபில் ஆட்சேபித்தது. விளம்பர வழக்குகளை விசாரிக்கும் அமெரிக்க அமைப்பு 1999-இல் காஸ்ட்ராலின் பக்கம் தீர்ப்பளித்தது. அன்றுமுதல் டப்பாவின் மேலுள்ள அந்தச் சொல்லைக் கொண்டு மட்டும் எத்தனை கிலோமீட்டர் என்று நிச்சயிப்பது இயலாததாயிற்று; கார் கம்பெனி கேட்கும் தரக்குறி அந்த டப்பாவில் உண்டா என்று பார்ப்பதே வழி.

என் மதிப்பில் இந்தச் சரித்திரத்தின் மிகச் சிறந்த காரியம் ஜெனரல் மோட்டார்ஸ் ஆராய்ச்சிசாலையில் நிகழ்ந்தது. ஷெர்லி ஷ்வார்ட்ஸ் என்னும் இரசாயன விஞ்ஞானியும் அவருடைய சகாக்களும், எண்ணெயின் ஆயுளை மைலால் அளக்காமல், எஞ்சின் எத்தனை முறை சுழன்றது, அப்போது எண்ணெயின் உஷ்ணம் என்ன என்பவற்றைக் கொண்டு கணக்கிடும் முறையை வகுத்தனர். 1988-இல் ஓல்ட்ஸ்மொபில் கார்களில் அது இடம்பெற்றது. குளிர்ந்த எஞ்சினில் ஓடிய ஒரு மைலும் சூடேறிய எஞ்சினில் ஓடிய ஒரு மைலும் எண்ணெய்க்குச் சமமல்ல என்ற உண்மையை, மெக்கானிக்கின் அனுபவத்திலிருந்து எடுத்துக் கணிதத்தில் வைத்த பெருமை அவர்களுடையது.

இன்று ஐரோப்பாவில் சில கார்களுக்கு 30,000 கிலோமீட்டர் அல்லது இரண்டு ஆண்டு வரை அவகாசம் தருகிறார்கள். நம் நாட்டில் பெரும்பாலான கார்களுக்குப் பத்தாயிரம் கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, எது முன்னரோ அது. நீண்ட இடைவெளிக்குத் தடையாயிருந்தவற்றுள் எரிபொருளில் இருந்த கந்தகமும் ஒன்று. அது எரிந்து அமிலமாகி எண்ணெயிலுள்ள காரத்தை விழுங்கும். 2020 ஏப்ரலில் பி.எஸ்.-6 என்னும் மாசுக் கட்டுப்பாட்டுத் தரத்துக்குரிய எரிபொருள் நாடெங்கும் வந்தபோது கந்தகம் பத்து லட்சத்தில் பத்துப் பங்காகக் குறைந்தது. ஆனால் வெயிலும் புழுதியும் சிக்னலில் நின்று எரியும் எஞ்சினும் அப்படியே இருப்பதால், கையேட்டில் கடின உபயோகம் என்று எழுதியிருக்கும் பகுதி சென்னைவாசிக்கும் மதுரைவாசிக்கும் பெரும்பாலும் பொருந்தும். அதைப் படித்த பிறகே ஐரோப்பியரின் எண்ணுக்கு ஆசைப்பட வேண்டும்.

கிலோமீட்டர் ஏறாத வண்டிக்கு ஓராண்டுக் கெடு எதற்கு என்று கேட்போர் உண்டு. வாரத்தில் இருமுறை கோயில்வரை சென்று திரும்பும் காரில் எஞ்சின் முழு உஷ்ணத்தை எட்டுவதே இல்லை. உள்ளே சேர்ந்த நீராவி வெளியேறாமல் எண்ணெயோடு கூடி ஃபில்லர் மூடியின் அடியில் வெண்ணிறப் பசையாகப் படிகிறது. சிலிண்டருக்குள் நேரே பெட்ரோலைப் பாய்ச்சும் புதிய டர்போ எஞ்சின்களில், சுவரில் பட்ட பெட்ரோல் கீழிறங்கி எண்ணெயை நீர்க்கச் செய்வதும் மீண்டும் காணப்படுகிறது. அத்தகைய வண்டியில் எண்ணெய் எவ்வளவு விலையுயர்ந்த செயற்கை எண்ணெயாயினும், மீட்டரில் மூவாயிரம் கிலோமீட்டர்கூட ஏறாதிருப்பினும், ஆண்டு முடிந்ததும் எஞ்சினைச் சூடேற்றி வடித்துவிட்டு, ஃபில்டரையும் மாற்றி, வடித்ததை மண்ணில் கொட்டாமல் பழைய எண்ணெய் சேகரிப்பவரிடம் சேர்ப்பித்துவிட வேண்டும்.