அறிவிப்புப் பலகையில் தொடங்கிய காவல்



இப்போது வீட்டுக்கு வீடு பிள்ளைகள் போனில் ஏஐயிடம் கேள்வி கேட்கிறார்கள். அது எங்கே போய்ப் படித்தது? பெரும்பாலும் யார் யாரோ உழைத்து எழுதிய இணையதளங்களில்தான். ‘கிராலர்’ எனப்படும் தானியங்கி நிரல்கள் தளம் தளமாகப் போய்ப் பக்கங்களை அள்ளி வருகின்றன. அவற்றைத் தடுக்கும் முயற்சிக்கு முப்பது ஆண்டு வரலாறு உண்டு.

1994-இல் மார்ட்டைன் கோஸ்டர் என்பவர் ஓர் எளிய யோசனை சொன்னார். தளத்தில் ‘ரோபாட்ஸ் டெக்ஸ்ட்’ என்ற சிறு கோப்பை வைத்து, எந்த நிரல் எங்கே வரக்கூடாது என்று அதில் எழுதிவிட வேண்டும். பூட்டு இல்லை, வாசலில் மாட்டிய அறிவிப்புப் பலகை, அவ்வளவுதான். ஆனாலும் பெரிய தேடுபொறிகள் அதை மதித்தன. அவை பக்கத்தைப் படித்தன, பதிலுக்கு வாசகரை அனுப்பி வைத்தன. கொடுக்கல் வாங்கல் சரியாக இருந்தது.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு கணக்கு மாறியது. பதில் ஏஐயிடமே கிடைத்துவிட்டால் மூலத் தளத்துக்கு யார் போவார்கள்? செலவு மட்டும் தளத்துக்காரர் தலையில். விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா, 2024 ஜனவரிக்குப் பிறகு படம், காணொளி போன்றவற்றின் பதிவிறக்கச் சுமை 50 சதவீதம் கூடியதாக 2025-இல் தெரிவித்தது. பெரும்பகுதி மனிதர்களால் அல்ல, தானியங்கி நிரல்களால். நம் தமிழ் விக்கிப்பீடியாவும் அதே நிறுவனத்தின் நிழலில்தான் இருக்கிறது.

பலகையை மதிக்காதவர் பெருகியதால் பூட்டு வந்தது. 2025 ஜனவரியில் கனடாவில் வாழும் ஒரு நிரலாளர் ‘அனுபிஸ்’ என்ற காவல் நிரலை எழுதினார். இறந்தவரின் இதயத்தை எடைபோடும் எகிப்தியக் கடவுளின் பெயர் அது. உள்ளே வரும் கணினி முதலில் ஒரு கணக்குப் போட வேண்டும். ஒரு பக்கம் படிப்பவருக்குச் சில நொடி தாமதம். லட்சக்கணக்கில் அள்ளுபவருக்குப் பெரும் செலவு. குப்பை மின்னஞ்சலைத் தடுக்க 1992-இலேயே இரு அறிஞர்கள் முன்வைத்த யோசனைதான் இதற்கு வேர். 2025 மார்ச்சில் கிளவுட்ஃபிளேர் நிறுவனம், அத்துமீறும் நிரல்களைப் போலிப் பக்கங்களில் சுற்றவிடும் வலையையே அமைத்தது.

ஆனால் பூட்டுக்கும் விலை உண்டு. பழைய போன் வைத்திருக்கும் ஏழை மாணவனும் அதே வாசலில் காத்திருக்க வேண்டும். திறந்திருந்த நூலகம் ஒவ்வொன்றாகக் கதவடைத்தால் இழப்பு நமக்குத்தான்.

ஆகவே ஒரு வேண்டுகோள். ஏஐ பதில் சொன்னாலும், அது காட்டும் மூலத் தளத்துக்கு ஒருமுறை போய்ப் படியுங்கள். எழுதியவருக்கு நாம் செய்யும் மரியாதை அது.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்