தமிழில் யுனிக்ஸ் நிர்வாகக் கல்வி: ஒரு வரலாற்றுப் பார்வை

பலர் பயன்படுத்தும் கணினி ஒன்றைத் தடையின்றி இயங்கச் செய்யும் பணி முறைமை நிர்வாகம் எனப்படும். பயனர் கணக்குகளை உருவாக்குதல், கோப்புகளுக்கு அனுமதி வரையறுத்தல், காப்புநகல் எடுத்தல், பதிவுக் கோப்புகளைப் படித்துக் கோளாறைக் கண்டறிதல் ஆகியன இதில் அடங்கும். இணைய வழங்கிகளில் பெரும்பாலானவை யுனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்களையே நம்பியுள்ளன. ஆதலால் இது வேலைவாய்ப்புள்ள துறை. ஆயினும், தமிழ்வழியில் படித்த மாணவர் இதைக் கற்க எந்த நூலிலிருந்து தொடங்குவது என்ற கேள்விக்கு நெடுங்காலம் விடை இல்லை.

கையேடே பாடநூல்

1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிச்சி ஆகியோரால் யுனிக்ஸ் உருவாக்கப்பட்டது. அதன் முதல் கையேடு 1971 நவம்பர் 3ஆம் நாளிட்டு வெளிவந்தது. ஒவ்வொரு கட்டளைக்கும் பெயர், பயன்படுத்தும் முறை, விளக்கம் ஆகியவற்றோடு, அறியப்பட்ட பிழைகளும் அதில் எழுதப்பட்டன. பின்னர் இக்கையேடு கணினிக்குள்ளேயே இடம்பெற்றது. இன்றும் ‘மேன்’ என்ற கட்டளையை இட்டால் அப்பக்கங்கள் திரையில் தோன்றும். லினக்சில் எட்டாம் பிரிவு நிர்வாகக் கட்டளைகளுக்கு உரியது.

1970களில் ஆஸ்திரேலியப் பேராசிரியர் ஜான் லயன்ஸ் யுனிக்சின் மூலநிரலுக்கு விளக்கவுரை எழுதினார். 1979இல் வந்த ஏழாம் பதிப்பின் உரிமம், மூலநிரலை வகுப்பறையில் பாடமாக நடத்துவதைத் தடுத்தது. மாணவர்கள் அவ்வுரையை ஒளிநகல் எடுத்தே படித்தனர். 1996இல்தான் அது முறையாக நூலாக அச்சேறியது. 1983இல் ரிச்சர்டு ஸ்டால்மன் அறிவித்த க்னு திட்டமும், 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸ் கருவும் இந்தத் தடையைப் பொருளற்றதாக்கின. லினக்ஸ் ஆவணத் திட்டத்தின் வழியாக லார்ஸ் விர்சேனியஸ் எழுதிய நிர்வாகிகள் வழிகாட்டி போன்ற நூல்கள் இலவசமாகக் கிடைத்தன. எனினும் இவை யாவும் ஆங்கில நூல்களே.

காரைக்குடி மாணவரின் நிலை

செட்டிநாட்டில் உயர்கல்விக்கு அடித்தளமிட்டவர் வள்ளல் அழகப்பச் செட்டியார். 1947இல் கலைக்கல்லூரி தொடங்கியது. அவர் அளித்த நிலத்திலும் நிதியிலும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1953இல் திறக்கப்பட்டது. பொறியியல் கல்லூரி 1952இலும், அழகப்பா பல்கலைக்கழகம் 1985இலும் தோன்றின. சுற்று வட்டாரச் சிற்றூர்களின் மாணவர்கள் கணினி பயிலச் சென்னைக்கோ மதுரைக்கோ போகாமல் காரைக்குடியிலேயே படிக்க இவை வழிசெய்தன. ஆனால் கல்லூரி அருகில் வந்தபோதும் பாடமொழி தொலைவிலேயே நின்றது. இந்தியக் கல்லூரிகளில் பரவலாகப் பயன்பட்ட சுமிதபா தாஸின் யுனிக்ஸ் நூலும் ஆங்கிலத்தில் அமைந்ததே.

கணினி வந்தது, கையேடு வரவில்லை

1998 முதல் சென்னையில் லினக்ஸ் பயனர் குழு கூடி வருகிறது. 2007இல் சி-டாக் நிறுவனம் ‘பாஸ்’ லினக்சை வெளியிட்டது. அதே காலத்தில் தமிழக அரசின் எல்காட் நிறுவனமும் லினக்சுக்கு மாறியது. 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோசுடன் பாஸ் லினக்சும் நிறுவித் தரப்பட்டது. இதனால் அரசுப் பள்ளி மாணவரின் வீட்டுக்கே யுனிக்ஸ் வழிவந்த இயங்குதளம் ஒன்று வந்து சேர்ந்தது. திரையின் பட்டிகளைத் தமிழில் காண முடிந்தது. ஆனால், முனையத்தைத் திறந்து ‘மேன்’ என்று கேட்டால் வரும் பக்கம் ஆங்கிலத்தில்தான் இருந்தது. நிர்வாகம் கற்பவருக்குப் பட்டியைவிட அந்தப் பக்கமே முதன்மையானது.

தமிழில் தொடக்க வளங்கள்

இந்த இடைவெளியை நிரப்பியோர் தன்னார்வலர்களே. 2012 சனவரியில் த. சீனிவாசன் ஆசிரியராக இருந்து ‘கணியம்’ மின்னிதழைத் தொடங்கினார். து. நித்யா எழுதிய ‘எளிய தமிழில் க்னு/லினக்ஸ்’, ‘எளிய தமிழில் மைஎஸ்க்யூஎல்’ ஆகியவை படைப்பாக்கப் பொதும உரிமத்தில் வெளிவந்தன. லயன்ஸ் உரையை மறைவாக நகலெடுத்த தலைமுறையின் நிலை இங்கில்லை. நகலெடுத்துப் பகிர உரிமமே இசைவளிக்கிறது. மும்பை ஐஐடியின் ‘ஸ்போக்கன் டுடோரியல்’ திட்டம் லினக்ஸ் பாடங்களைத் தமிழ் ஒலியுடன் சிறு காணொளிகளாகத் தருகிறது. 2018இல் வந்த பதினோராம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலிலும் உபுண்டு அறிமுகம் இடம்பெற்றது.

எஞ்சியிருப்பது

தொடங்குவோர் தமிழ் நூலிலிருந்து கோப்பு, அனுமதி, பயனர், செயலாக்கம் ஆகிய கருத்துகளைத் தெளிந்துகொள்ளலாம். பிறகு மெய்நிகர் கணினி ஒன்றில் லினக்சை நிறுவி, கட்டளைகளைத் தாமே இட்டுப் பார்க்க வேண்டும். அதில் தவறு நேர்ந்தாலும் முதன்மைக் கணினிக்குப் பாதிப்பில்லை. கருத்து முன்பே தெரிந்திருந்தால் ஆங்கிலக் கையேட்டுப் பக்கமும் அச்சுறுத்தாது. பெரும்பாலான பக்கங்கள் சிறியவை, ஒரே அமைப்பில் எழுதப்பட்டவை. பயனர் கணக்கு, வட்டு, பிணையம், காப்புநகல் என எட்டாம் பிரிவில் அன்றாடம் தேவைப்படும் பக்கங்களைத் தமிழாக்குவது ஒரு கல்லூரி வகுப்பு தன் திட்டப்பணியாக எடுத்துச் செய்யக்கூடிய அளவிலான வேலையே.