அம்மைப்பால் தந்த ஆக்கம்

மன்னர்களின் போர்கள் மட்டுமே வரலாறு ஆகா. ஆயுதம் ஏந்தாது மக்கள் வென்ற போர்களும் வரலாறே. பெரியம்மையை ஒழித்த கதை அத்தகையது. நம் இளைஞர்கள் அதனைக் கற்றல் வேண்டும்; அவ்வெற்றியில் நம் மக்களுக்கும் பங்குண்டு.

1796 ஆம் ஆண்டில் ஆங்கில மருத்துவர் எட்வர்ட் ஜென்னர், பால் கறக்கும் பெண்ணொருத்தியின் கையில் கண்ட பசு அம்மையின் நீரை எட்டு வயதுச் சிறுவனுக்கு ஏற்றி, பெரியம்மை அவனை அணுகாதெனக் காட்டினார். 1802 ஜூன் திங்களில் பம்பாயில் மூன்று வயதுக் குழந்தைக்கு அம்மை குத்தப்பட்டது. இந்திய மண்ணில் அதுவே முதல்.

அந்நாளில் அம்மைப்பாலைக் கெடாமல் காப்பது அரிது. ஆகவே ஒரு குழந்தையின் கைக்கொப்புளத்திலிருந்து நீரெடுத்து மறு குழந்தைக்கு ஏற்றினர். இதற்கெனக் கொணரப்பட்டோரில் பலர் ஏழைகளின் மக்கள்; தீண்டத்தகாதோர் என ஒதுக்கப்பட்டோரின் மக்கள். அக்கைகளிலிருந்து எடுத்ததை ஏற்க மேற்சாதியார் பலர் மறுத்தனர். நோயோ சாதி கேட்டு வரவில்லை. தீண்டாமை பாராட்டியோரையும் அது தீண்டியது. பின்னர்க் கன்றுகளிடமிருந்து அம்மைப்பால் எடுக்கும் முறை பரவியது. சென்னைக் கிண்டியிலுள்ள கிங் நிலையம் அதனை ஆக்கி மாகாணமெங்கும் வழங்கியது.

பெரியம்மை கண்ட பத்துப் பேரில் ஏறத்தாழ மூவர் மாண்டனர். பிழைத்தோரில் பலர் முகம் வடுப்பட்டனர், சிலர் கண்ணிழந்தனர். அன்றாடக் கூலியில் வாழும் குடும்பத்தில் ஒருவர் படுத்தால் கூலி போயிற்று, கடன் வந்தது, பிள்ளையின் படிப்பு நின்றது. நோய் வறுமையை வளர்த்தது. வறுமை நோயை வளர்த்தது.

1974 இல் பீகார் முதலிய மாநிலங்களில் அந்நோய் பல்லாயிரவர் உயிரைக் குடித்தது. சுகாதார ஊழியர்கள் வீடு வீடாகத் தேடி, நோய் கண்ட இடத்தைச் சுற்றியிருந்தோர் அனைவருக்கும் அம்மை குத்தினர். ஒதுக்கப்பட்ட தெருவொன்றை விட்டுவிட்டு ஊரைக் காத்தல் இயலாது என்பதை அப்பணி மெய்ப்பித்தது. 1975 மே திங்களோடு இந்தியாவில் பெரியம்மை ஓய்ந்தது. 1980 இல் உலகமே அதனின்று விடுபட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. 1967 இல் தொடங்கிய இறுதிக்கட்ட இயக்கத்திற்கு ஆன செலவு ஏறத்தாழ 30 கோடி டாலர்; அதனால் ஆண்டுதோறும் மிச்சமாவதோ 100 கோடி டாலருக்கும் மேல். இதனினும் இலாபம் தந்த முதலீடு யாது?

இவ்வழியே இளம்பிள்ளை வாதமும் நம் நாட்டை விட்டு அகன்றது. 2014 இல் இந்தியா அதற்கான சான்று பெற்றது. எனினும் தட்டம்மையும் தொண்டை அடைப்பானும் காத்திருக்கின்றன. அவற்றுக்கான தடுப்பூசிகள் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒரு நாள் கூலியை இழக்க அஞ்சித் தாய் தயங்கினால், நம் இளைஞர்கள் துணை சென்று அக்குழந்தைக்கு ஊசி கிடைக்கச் செய்வாராக.

பள்ளி கட்டுவது கல்விப்பணி. அப்பள்ளிக்குப் பிள்ளை உயிரோடும் கண்ணொளியோடும் வந்து சேரச் செய்வதும் கல்விப்பணியே. இவ்வெள்ளி விழா ஆண்டில் நாம் ஏற்கத்தக்க உறுதி இதுவே.