டிவிஎஸ் கோல்டும் துளி கிரீஸும்

ரமணாசிரமம் பக்கம் டிடிபி கடை வெச்சிருக்கிற அக்கா, போன மாசம் தன் பழைய டிவிஎஸ் கோல்டு கீபோர்டைக் கொடுத்து, "தம்பி, சில கீ சொரசொரன்னு இறங்குது, பாரேன்" என்றார். எனக்குக் கரும்பு தின்னக் கூலி :)

செர்ரி நிறுவனத்தின் எம்எக்ஸ் சுவிட்ச் வந்தது 1980களில். 1986-ல் ஆரம்பித்த நம்ம சென்னை டிவிஎஸ் எலக்ட்ரானிக்ஸ், கோல்டில் அதன் நீல சுவிட்சைப் போட்டது. பில் போடும் கடைகளில் நாம் கேட்டு வளர்ந்த 'டக் டக்' அதுதான். பின்னால் வந்த கோல்டுகளில் வேறு கம்பெனி சுவிட்சுகள். அக்காவோடது பழசு, உள்ளே செர்ரியேதான். அதனால கை நடுங்கிச்சு.

104 கீ. ஒவ்வொன்றுக்கும் ரெண்டு கால், ஈயப்பற்று. அதை உருக்கி எடுத்துத்தான் சுவிட்சைத் திறந்தேன். சொரசொரத்தவற்றை மட்டும் கழற்றினேன். தூசியைத் துடைத்து, ஸ்பிரிங் முனையிலும், தண்டு உரசும் பக்கவாட்டிலும் சின்ன பிரஷ்ஷால் கிரீஸ் தடவினேன்.

நீல சுவிட்சில் தண்டைச் சுற்றி ஒரு வெள்ளை உறை இருக்கும். மொத்தம் 4 மி.மீ. பயணத்தில், பாதி தாண்டியதும் அது குதித்துக் கீழே மோதும். அந்தச் சத்தம்தான் 'டக்'. உறையிலும் தடவினால் வழவழன்னு ஆகும், ஆனா ஊமையாகிடும். கேட்டேன்.

"வேணாம்ப்பா. டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணவ நான். கண்ணு பேப்பர்லயே இருக்கும். எழுத்து விழுந்துச்சான்னு காதுதான் சொல்லும்."

உறையைத் தொடவில்லை. இப்ப கீ வழுக்குது, சத்தம் அப்படியே. வழவழப்பு எதுவரைன்னு முடிவு பண்ண வேண்டியது அடிக்கிறவங்க, நானில்லை.